பேசாத புருஷன்

மலாக்கா மைதானத்தில் மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. புல்லெல்லாம் ஈரம். பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கைக்குட்டையாலும் பழைய செய்தித்தாளாலும் துடைத்துவிட்டுச் சனங்கள் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த பின்னணிப் பாடகர் கோகுலநாதனின் கச்சேரி அது. அவர் மேடையேறும் முன் கூட்டத்தைச் சிரிக்கவைப்பது எங்கள் வேலை. நானும் என் கணவர் தனபாலனும். போஸ்டரின் அடியில், ஆதரவு கொடுத்த கடைகளின் பெயர்களுக்கும் கீழே, ‘தனா – பத்மா நகைச்சுவை’ என்று போட்டிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் என்று ஞாபகம். எந்த வருஷம் என்பதில் எனக்கும் தனாவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

எங்கள் நிகழ்ச்சி கணவன் மனைவி சண்டை. முதல் கேள்வி என்னுடையது.

“எங்க வீட்டுக்காரரு சாரம் கட்டுற வேலை செய்யிறாரு. அஞ்சு மாடி, ஆறு மாடின்னு கம்பியப் புடிச்சி ஏறுவாரு. வீட்டுல ஒரு பல்பு மாத்துங்கன்னா மட்டும் தலை சுத்துதாம். ஏங்க, அது ஏன்?”

இதற்குத் தனா சொல்லவேண்டிய பதில் இது: “அங்க விழுந்தா கம்பெனி பாத்துக்கும். இங்க விழுந்தா நீல்ல பாத்துக்கணும். அந்தப் பயந்தான்.”

கல்யாண விருந்து, கோயில் திருவிழா, பள்ளிக்கூட நிதி நிகழ்ச்சி என்று எத்தனையோ இடத்தில் சொன்ன பதில். எங்கேயும் ஏமாற்றியதில்லை.

அன்று தனா மைக்கை வாயருகே கொண்டுபோனார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மைக்கை இறக்கிவிட்டு அப்படியே நின்றார்.

மைக் நல்ல மைக்தான்

மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கேள்வியை இன்னொரு தடவை கேட்டேன். “ஏங்க, அது ஏன்?”

பதில் இல்லை. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். மேடையில் இப்படி ஓர் அமைதி வந்தால் காது சுடும். எனக்கும் சுட்டது.

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். “மைக்கு வேலை செய்யலன்னு நினைச்சிடாதீங்க. மைக்கு நல்ல மைக்குதான். ஆளுதான் வேலை செய்யல.”

சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது.

“பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் இப்படித்தான் நின்னாரு. ஐயோ பாவம், நல்ல புள்ளன்னு நினைச்சிட்டேன்.”

அது பொய். பெண் பார்க்க வந்த அன்று அவர் வாயை மூடவே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் அப்பா மாட்டுக்குப் புல் போட வேண்டும் என்று எழுந்து போனார். எங்கள் வீட்டில் மாடே கிடையாது.

கூட்டம் இப்போது நன்றாகச் சிரித்தது. நான் பேசப் பேச அவர் நின்றார். அவர் நிற்க நிற்கச் சிரிப்பு ஏறியது. திட்டமிட்டுச் செய்கிற வேடிக்கை என்று எல்லாரும் நினைத்தார்கள். “கரண்டுக்குப் பணம் கட்டுறதே ரேடியோவுக்காகத்தான். வீட்டுல அதுதான் இவரவிடக் கூடப் பேசும்,” என்றேன். பின்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அதுவரை அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. மேடைப் பலகை அதிர்வது செருப்பு வழியாகத் தெரிந்தது. கடைசிவரை தனா ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்களுக்காக யாரும் டிக்கெட் வாங்கியதில்லை

சென்ற வாரம் கோயிலில் பார்த்த, நான் எழுதுவதைப் படிக்கிற ஒரு வாசகி, “அந்தப் பெரிய பாடகர்களோட எல்லாம் உக்காந்து பேசியிருப்பீங்க இல்ல?” என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை. முன் நிகழ்ச்சி செய்கிறவர்களின் நிலைமை வேறு.

எங்களுக்காக யாரும் டிக்கெட் வாங்கியதில்லை. நாங்கள் மேடையேறும்போது பாதிப் பேர் நாற்காலி தேடிக்கொண்டிருப்பார்கள். குழந்தை அழும். கச்சாங் கடலைப் பொட்டலம் கை மாறும். ஒலிபெருக்கிக்காரர் எங்கள் பேச்சின் நடுவிலேயே வயரைத் தட்டிப் பார்ப்பார். மைக்கில் எங்களுக்கு முன்னால் பேசிய பிரமுகரின் வெற்றிலை வாசம் இருக்கும்.

“அடுத்ததாக” என்று நாங்கள் சொல்லும்போதுதான் பலத்த கைதட்டல் கிடைக்கும். அது எங்களுக்கு இல்லை.

இந்த நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்தவர் ரத்னம் அண்ணன். மலாக்கா டவுனில் கேசட் கடை வைத்திருந்தார். பாடகர்களை வரவழைப்பது, மண்டபம் பிடிப்பது எல்லாம் அவர். இடுப்பில் பேஜர் கத்திக்கொண்டே இருக்கும். அவர் எங்களுக்குச் சொன்ன விதி ஒன்றுதான்.

“தங்கச்சி, கூட்டம் உங்களப் பாத்துக் கூச்சலும் போடக் கூடாது. பாடகர் வந்தப்புறம் உங்களையே நினைச்சிக்கிட்டும் இருக்கக் கூடாது. சோத்த சூடு பண்ணி வச்சிட்டுப் போயிடணும். சாப்புடுறது அவங்க வேலை லா.”

நான் செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் போடும் சண்டையை அப்படியே நடித்துக் காட்டுவேன். திருவிழாவில் ஒருமுறை செய்தேன். சண்டை போட்ட அக்காக்களே முன்னால் உட்கார்ந்து, அது பக்கத்து லயத்து வரிசை வீட்டு ஆள் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

தனா சிம்பாங் அம்பாட் ஆள். கல்யாண விருந்துகளில் அறிவிப்பாளர். ஒரு தமிழ்ப் பள்ளி நிகழ்ச்சிக்கு இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுவிட்டு, “நேரம் ஒருத்தருக்குத்தான் இருக்கு, ரெண்டு பேரும் சேந்தே ஏறிடுங்க,” என்றார்கள். அதற்கு முன் நாங்கள் பேசியதே இல்லை. யார் முதலில் பேசுவது என்று மேடையிலேயே தகராறு வந்தது. அது நிஜத் தகராறு. நன்றாகச் சிரித்தார்கள். அதையே தொழிலாக்கிக்கொண்டோம், பிறகு கல்யாணமும் ஆனது.

சிரிப்புத் துணுக்குகளை யோசிப்பது எல்லாம் தனாதான். நான் கையைக் காலை ஆட்டிச் சொல்வேன். பகலில் அவருக்குச் சாரம் கட்டும் வேலை, எனக்குத் தையல் தொழிற்சாலை. சுங்கை ஊடாங்கில் சின்ன வீடு எடுத்துக் குடியிருந்தோம்.

மோட்டாரில் ஆஸ்பத்திரிக்கு

கைதட்டலோடு மேடையை விட்டு இறங்கினோம். ரத்னம் அண்ணன் ஓடிவந்து தனாவின் தோளைப் பிடித்தார். “எங்கடா புடிச்ச இத? எனக்கே சொல்லலையே.”

தனா அவரைத் தாண்டிப் போய் ஹெல்மெட்டை எடுத்தார்.

“பத்மா, ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

“யாருக்கு என்னா?”

“சுப்ரா விழுந்துட்டான்.”

சுப்பிரமணியம் தனாவோடு சிம்பாங் அம்பாட்டில் ஒரே பள்ளியில் படித்தவர். சாரம் கட்டும் குழுவிலும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். தனா புதிதாக எதை யோசித்தாலும் மேலே பலகையில் உட்கார்ந்து சாப்பிடும்போது முதலில் சுப்ராவிடம்தான் சொல்லிப் பார்ப்பார். எனக்கு அதற்குப் பிறகுதான் வரும்.

அன்று மத்தியானம், பாதி கட்டிய கடை வரிசை ஒன்றில் வேலை. மழையில் நனைந்த பலகை. சுப்ரா கால் வைத்ததும் வழுக்கிவிட்டது. தனா பக்கத்துக் கம்பியில்தான் நின்றிருக்கிறார். கை நீட்டியும் எட்டவில்லை.

ஆம்புலன்ஸ் பின்னாலேயே போய், சுப்ராவை உள்ளே கொண்டுபோகும்வரை இருந்துவிட்டு, அவர் மனைவி லெட்சுமி வந்த பிறகு நேராக மைதானத்துக்கு வந்திருக்கிறார். நான் முன்னதாகவே ரத்னம் அண்ணனின் வேனில் வந்துவிட்டேன். மேடைக்குப் பின்னால் அவர் சட்டை மாற்றும்போது, “ஏன் லேட்டு?” என்று கேட்டேன். “வேலை இழுத்துடிச்சி,” என்றார். அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிள் மைதானத்தின் வேலியைத் தாண்டும்போது பின்னால் கோகுலநாதனின் முதல் பாட்டு தொடங்கியது. முதல் அடி வரை கேட்டது. அப்புறம் காற்றுச் சத்தம்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜிகினாச் சேலை, தலை நிறையப் பூ, கன்னத்தில் மேடைச் சாயம். லெட்சுமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சுப்ராவின் வேலைச் சட்டை. நான் முந்தானையால் முகத்தைத் துடைக்கப் பார்த்தேன்.

“விடுங்கக்கா,” என்றாள். “அந்தத் துணி போயிடும்.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தனா உட்காரவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் மலாய் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். இடுப்பெலும்பும் ஒரு காலும் உடைந்திருக்கிறது, முதுகுத் தண்டுக்கு ஒன்றுமில்லை, உயிருக்கு ஆபத்தில்லை என்று நிதானமாகச் சொன்னார். லெட்சுமி அப்போதுதான் அழுதாள். தனா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

நான் அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ மேடை ஏற மாட்ட. நான் பேசிடலாம்னுதான் நினைச்சேன் பத்மா. பதிலு நாக்குல வந்து நிக்குது. ‘விழுந்தா’ன்னு சொல்லணும். அந்தச் சொல்லு வரல.”

பிறகு, “சனங்க சிரிச்சாங்க இல்ல?” என்றார்.

“ஆமா.”

“எதப் பாத்துச் சிரிச்சாங்க?”

நானும் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன்.

ரத்னம் அண்ணனின் நிபந்தனை

இரண்டொரு நாளில் ரத்னம் அண்ணன் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு டஜன் வாழைப்பழம். சுப்ராவைப் பற்றி விசாரித்தார். ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அதையும் சொல்லவேண்டும்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். கோகுலநாதன் திரைக்குப் பின்னாலிருந்து எங்கள் நிகழ்ச்சியைப் பார்த்தாராம். தெர்மோஸ் மூடியில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தவருக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை சிரம்பான், அதற்கடுத்து ஈப்போ. இரண்டுக்கும் அந்தப் பேசாத புருஷன் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

“ஒன்னே ஒன்னு தனா. நீ பேசக் கூடாது. மலாக்காவுல நின்ன மாதிரியே நின்னாப் போதும்.”

தனா வாழைப்பழத்தை ஒவ்வொன்றாகச் சீப்பிலிருந்து பிய்த்துத் தட்டில் வைத்தார். “சரிண்ணே,” என்றார்.

அண்ணன் போன பிறகு கேட்டேன். “உங்களால முடியுமா?”

“நிக்கிறதுதானே. நிக்கிறதுல என்னா இருக்கு.”

“புடிக்கலன்னா வேணாம்னு சொல்லிடலாம்.”

“உனக்குப் போவணும்ல?”

எனக்குப் போகவேண்டும் என்றுதான் இருந்தது. பலகை அதிர்ந்தது இன்னும் பாதத்தில் இருந்தது. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து சட்டைக் கழுத்து தைக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. இத்தனை வருஷம் யாரோ ஒருவருக்காகச் சோற்றைச் சூடு பண்ணிவிட்டு, இப்போதுதான் நமக்கும் ஓர் இலை போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்தபோது, தனா அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலை மாற்றி வைத்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். புருவத்தைத் தூக்கினார், இறக்கினார்.

“என்னா பண்ணுறீங்க?”

“பேசாம இருக்கப் பழகுறேன்,” என்றார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

சிரம்பானில்

சிரம்பானில் மண்டபம். மழை பயம் இல்லை. ஆனால் உள்ளே புழுக்கம், மின்விசிறிகள் சுற்றியும் பெண்கள் நிகழ்ச்சித் தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஏறும்போதே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். மலாக்காவில் பார்த்தவர்கள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள் போல. “அந்த ஊமைப் புருஷன்தானே,” என்று யாரோ சொன்னது கேட்டது.

கேள்வியைக் கேட்டேன். “வீட்டுல ஒரு பல்பு மாத்துங்கன்னா மட்டும் தலை சுத்துதாம். ஏங்க, அது ஏன்?”

தனா மைக்கை வாயருகே கொண்டுபோய் இறக்கினார். புருவத்தைத் தூக்கினார்.

சிரித்தார்கள். மலாக்கா அளவுக்கு இல்லை.

“மைக்கு நல்ல மைக்குதான்,” என்றேன். சிரித்தார்கள்.

அடுத்ததைச் சொல்ல அவர் பக்கம் திரும்பினேன். புருவம் இறங்கியிருந்தது. கண்ணாடி முன்னால் பழகியது எல்லாம் முகத்திலிருந்து போய்விட்டது. மைக்கைப் பிடிக்காத வலது கை உடம்பிலிருந்து சற்றே முன்னால் நீண்டு, விரல்கள் விரிந்திருந்தன. எதையோ பிடிக்கப் போகிற கை.

கூட்டம் அதற்கும் சிரித்தது. அவர்களுக்குத் தெரியாது.

பெண் பார்க்க வந்த கதையைச் சொல்லவேண்டிய இடம் அது. வாய் வரவில்லை. என்ன நினைத்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. மைக்கிலேயே அவரைக் கேட்டேன்.

“ஏங்க, சுப்ராண்ணன் எப்படி இருக்காரு?”

அவர் என்னைப் பார்த்தார். மண்டபத்தில் பாதிப் பேர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். ரத்னம் அண்ணன் பக்கவாட்டில் நின்று, வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

தனா மைக்கைத் தூக்கினார்.

“சுப்ரா என் கூட்டாளி,” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “என் கூட சாரம் கட்டுறவன். போன வாரம் மேலேர்ந்து விழுந்துட்டான்.”

யாரும் சிரிக்கவில்லை.

“பொழச்சிக்கிட்டான். இடுப்புல இரும்பு வச்சிருக்காங்க. ‘இனிமே ஏர்போர்ட்ல உன்னப் பாத்தாலே மிஷினு பீப்பீன்னு கத்தும்டா’ன்னு சொன்னேன். ‘நான் சிரம்பானுக்கே போனதில்ல, எனக்கு எதுக்குடா ஏர்போர்ட்டு’ங்கிறான்.”

முதல் சிரிப்பு வந்தது. சிரம்பான் என்று ஊர்ப் பெயரைச் சொன்னதற்காகக்கூட இருக்கலாம்.

“பாக்க வர்றவங்க எல்லாரும் ஆரஞ்சு. கட்டிலுக்கு மேல ஆரஞ்சு, கீழ ஆரஞ்சு. பக்கத்துக் கட்டில் சீனரு இவனக் கடை மொதலாளின்னு நினைச்சி எட்டிப் பாத்துக் கேக்குறாரு, ‘தவுக்கே, கிலோ எவ்ளோ?’”

இப்போது நன்றாகச் சிரித்தார்கள்.

“அத்தைங்க வர்றாங்க. கட்டில் பக்கத்துல உக்காந்து, இதே மாதிரி விழுந்து செத்தவங்க கதையா சொல்றாங்க. ஒரு அத்தை நாலு பேரு கதை சொல்லி முடிச்சதும் சுப்ரா கேட்டான், ‘அத்தே, அதுல ஒருத்தராச்சும் பொழச்சாங்களா?’ அத்தை நல்லா யோசிச்சாங்க. ‘நீதாம்பா’ன்னாங்க.”

மண்டபம் குலுங்கியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மைக்கை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றேன். அந்த நிகழ்ச்சியில் அதற்குமேல் நான் பேசவேண்டிய தேவை வரவில்லை. எனக்கு அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை.

இறங்கும்போது படியருகே கோகுலநாதன் நின்றிருந்தார். கழுத்தில் மப்ளர், கையில் தெர்மோஸ் மூடி. அவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“யாருங்க அந்த சுப்ரா? நெஜமாவே இருக்காரா?”

“இருக்கான் சார். மலாக்கா ஆஸ்பத்திரியில.”

“நல்லா நடக்கட்டும்,” என்றார். மூடியைக் காலி செய்து உதவியாளரிடம் கொடுத்துவிட்டு மேடையேறினார். கைதட்டல் எங்களுக்கு வந்ததைவிடப் பல மடங்கு வந்தது.

ரத்னம் அண்ணன் முகம் சரியாக இல்லை. “நிக்கச் சொன்னேன், நீ கதா காலட்சேபம் பண்ணிட்ட,” என்றார். “சிரிச்சாங்க இல்லண்ணே,” என்றேன். “சிரிச்சாங்க தங்கச்சி. பாடகரு கேட்டது அது இல்லையே.” ஈப்போவுக்கு எங்களைக் கூப்பிடவில்லை. ஓர் ஆடல் குழு போனது. பிறகு ஒரு வருஷம் போல இடைவெளி விட்டு, வேறொரு பாடகர் வந்தபோது ரத்னம் அண்ணன் எங்களைத்தான் தேடி வந்தார். சிரம்பானைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவர் குணம் அப்படி.

சுப்ரா மறுபடி சாரம் ஏறவில்லை. நடக்கப் பல மாதம் பிடித்தது. அப்புறம் ஒரு பட்டறையில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். தனா இன்னும் சில வருஷம் ஏறினார். வீட்டில் பல்பு மாற்றுவதை நான் எடுத்துக்கொண்டேன், அந்தக் கேள்வியையும் நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டோம்.

மறுநாள்

சிரம்பானுக்கு மறுநாள், வேலை முடிந்து இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுப்ரா காலைத் தூக்கிக் கட்டிய நிலையில் படுத்திருந்தார். லெட்சுமி தலைமாட்டில் நின்று அவர் தலைமுடியைச் சீவிக்கொண்டிருந்தாள்.

தனா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மண்டபத்தில் சொன்னதை எல்லாம் வரிசையாகச் சொன்னார். கேட்காமல் மேடையில் இழுத்துவிட்டோமே, கோபப்படுவாரோ என்று எனக்குப் பயம். சுப்ரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அத்தை கதைக்குச் சிரிச்சாங்களா?”

“நல்லா சிரிச்சாங்க.”

“ஆரம்பத்துல என்னான்னு சொன்ன?”

“மேலேர்ந்து விழுந்துட்டான்னு சொன்னேன்.”

சுப்ரா கண்ணைத் திறந்தார். “அது நல்லால்லடா. என்னமோ வேலை தெரியாதவன் மாதிரி இருக்கு.”

“வேற எப்படிச் சொல்லச் சொல்ற?”

சுப்ரா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

“இறங்குறப்ப கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்னு சொல்லு,” என்றார்.

லெட்சுமி சீப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தனா அந்த வாக்கியத்தை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அப்படித்தான் சொன்னார்.